நான் உள்ளே போகாத பிரசவம்

சென்ற மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நர்ஸ் பெண்களிடம் நாலு வார்த்தை பேசும்படி என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "அம்மா, உங்க சர்வீஸ்ல எத்தனை பேருக்கு உதவி பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டாள்.

"பிரசவம் பார்த்தது நிறையம்மா. உதவி பண்ணினது எத்தனைன்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அடக்கத்தினால் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அது அடக்கம் இல்லை, பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

நான் ஆரணிப் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பெண். மதராஸில் மிட்வைஃப் பயிற்சி முடித்தேன். அங்கே கற்றதில் பாதி, படுக்கை விரிப்பில் சுருக்கம் விழாமல் விரிப்பது. மீதி, பெரிய டாக்டர் வரும்போது சுவரோரம் ஒதுங்கி நிற்பது. இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது செஞ்சிக்குப் போட்டார்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அறை, சுற்றிலும் கிராமங்கள், ஒரு தகரப் பெட்டி. இவ்வளவுதான் என் உத்தியோகம்.

எனக்கு மேலதிகாரி தேவகிருபை அம்மாள் என்ற ஹெல்த் விசிட்டர். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ்ஸெல்லாம் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு புகைந்தபடி ஓடும். முகமெல்லாம் கரியோடு வந்து இறங்குவார். ஆனாலும் தன் முகத்தைத் துடைப்பதற்கு முன்னால் என் கைகளைக் கேட்பார். இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பி நகங்களைப் பார்ப்பார், பிறகு முகர்ந்து பார்ப்பார். லைசால் கிருமிநாசினியின் நெடி இல்லாவிட்டால் திட்டமாட்டார். கையை மெதுவாக என் மடியிலேயே திரும்ப வைத்துவிடுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏற குரல் இறங்கும். அவர் என்ன சொல்கிறார் என்று காதைக் கொடுத்துக் கேட்கவேண்டி வந்தால், அன்று நாம் தொலைந்தோம்.

நான் பார்த்த ஒவ்வொரு பிரசவத்தைப் பற்றியும் முழுசாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே கேள்வி கேட்பார்.

"நீ போகலேன்னா என்ன ஆயிருக்கும்?"

முதல் தடவை நான் மார்தட்டிக்கொண்டு, "தாயும் பிள்ளையும் செத்தே போயிருப்பாங்கம்மா" என்றேன்.

"இரு. நீ போனப்போ பனிக்குடம் உடைஞ்சிருந்துதா?"

"உடைஞ்சிருந்தது."

"தலை தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அவளுக்கு இது நாலாவது. நீ போகலேன்னாலும் பிள்ளை பிறந்திருக்கும். கொடியை அரிவாளால அறுத்திருப்பாங்க. நீ கொதிக்கவெச்ச கத்திரியால அறுத்தே. நீ செஞ்சது அது. சின்ன விஷயம் இல்ல, ஆனா அது மட்டும்தான். அதை மட்டும் சொல்லு."

அவருடைய கேள்விக்கு மூன்று பதில்கள் உண்டு. நான் போகாவிட்டாலும் இதேதான் நடந்திருக்கும். போகாவிட்டால் மோசமாகியிருக்கும். மூன்றாவது, போகாவிட்டால் நன்றாக இருந்திருக்கும். மூன்றாவது பதிலையும் அவர் எதிர்பார்க்கிறார் என்பது எனக்குப் புரியவே நாளாயிற்று.

புரிந்தது மேல்சித்தாமூர் பக்கத்தில் ஒரு வீட்டில். பிள்ளை குறுக்கே கிடந்தது. அதைக் கண்டுபிடித்து, வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டேன். வண்டி கட்டினார்கள், ஆனால் அவசரமில்லாமல் கட்டினார்கள். மாடு மேய்ச்சலிலிருந்து வரட்டும் என்றார்கள். "நர்ஸம்மாதான் கூடவே இருக்குதே, இன்னா பயம்?" என்று மாமியார்க்காரி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். தாய் பிழைத்தாள். பிள்ளை இல்லை. அன்று தேவகிருபை அம்மாள் கேட்டபோது, "நான் அங்க இல்லேன்னா அவங்க பயந்துபோய் அப்பவே தூக்கிக்கிட்டு ஓடியிருப்பாங்கம்மா" என்றேன்.

அவர் திட்டவில்லை. "அடுத்த தடவை?" என்றார்.

"போனதும் முதல் வேலையா வண்டியை வாசல்ல பூட்டி நிறுத்தச் சொல்றேன்."

"சரி" என்று எழுந்துவிட்டார்.

இனி அந்த மழைக்காலத்துக்கு வருகிறேன். எங்கள் வேலையில் எல்லாவற்றையும்விடப் பயப்பட்டது ரத்தப்போக்குக்கு அல்ல, ஜன்னிக்கு. நல்லபடி பிள்ளை பெற்று, வெந்நீர் ஊற்றிக்கொண்டு, சிரித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இரண்டு மூன்று நாள் கழித்துக் குளிர் எடுக்கும். பிறகு காய்ச்சல், வயிற்றுவலி, ஒரு கெட்ட வாடை, உளறல். பேய் பிடித்துவிட்டது என்பார்கள். அது வராமல் இருக்கத்தான் எங்கள் சடங்கெல்லாம். வளையலைக் கழற்றி வைப்போம். நகத்தை ஒட்ட வெட்டுவோம். சோப்பும் பிரஷும் கொண்டு முழங்கை வரை தேய்ப்போம். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மறுபடி தேய்ப்போம். அதற்குப் பிறகு லைசால் தண்ணீரில் கையை முக்கி, எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு, துடைக்காமல் ஈரத்தோடு நிற்போம். ஒரு தடவைகூட இதில் ஒன்றை நான் விட்டதில்லை.

அப்படியும் நான் பிரசவம் பார்த்த லூர்துவுக்குக் காய்ச்சல் வந்தது. பேட்டைக்கு அந்தண்டை, கிறிஸ்தவர்கள் இருக்கும் வேதக்காரர் தெருவில் அவள் வீடு. முதல் பிள்ளை, ஆண். நான் பார்க்கப் போனபோது போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாள். தர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன். கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தேன். பாதரசம் அதே உச்சியில்தான் நின்றது. அவள் புருஷனை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். டாக்டர் ஜன்னிக்குக் கொடுக்கும் சல்ஃபா மாத்திரை கொடுத்தார். யுத்தத்தினால் அது எண்ணி எண்ணித்தான் வந்துகொண்டிருந்தது.

அங்கிருந்து சீயமங்கலம் போகிற ரோட்டில் இருந்த பச்சையம்மாள் வீட்டுக்குப் போனேன். அவளுக்கும் நான்தான் பார்த்திருந்தேன். தெம்பாக நடமாடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துப் போனவளுக்குத் தெருவிலேயே அவள் அம்மா எதிரே வந்தாள்.

"நர்ஸம்மா, காலையிலேருந்து ஒரே குளுரு. இன்னான்னு வந்து பாரேன்."

உள்ளே போய்ப் பார்த்தேன், அதே குளிர் நடுக்கம். ஒரு வீட்டில் காய்ச்சல் வந்தால் அந்த வீட்டுத் துணியைச் சந்தேகப்படலாம், தண்ணீரைச் சந்தேகப்படலாம். இரண்டு ஊரில், இரண்டு வீட்டில் வந்தால்? இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. அது நான்.

தேவகிருபை அம்மாளுக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். அன்று என் கைகளைப் பார்க்கவில்லை. "வாசல்ல வந்து உக்காரு, சூரியனைப் பாத்து" என்றார். ஒரு கரண்டிக்காம்பால் என் நாக்கை அழுத்திப் பிடித்துத் தொண்டைக்குள் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கரண்டியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார்.

"எத்தனை நாளா வலிக்குது?"

அவர் குரல் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"மழையில நனைஞ்சதிலேருந்து முழுங்கினா கொஞ்சம் வலி இருக்குதும்மா. ஜலதோஷம்னு மிளகுக் கஷாயம் குடிச்சேன்."

"பேசறப்போ, இருமறப்போ வாயிலேருந்து தெறிக்கும். அதுல ஜன்னிக் கிருமி இருக்கலாம். கையைக் கழுவலாம். தொண்டையை எப்படிக் கழுவறது?"

மதராஸில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்போ என்னாலதானாம்மா?"

"தெரியாது. நான் சொல்ற வரைக்கும் நீ எந்தப் பிரசவ வீட்டுக்குள்ளயும் காலை வைக்கக் கூடாது. எந்த வீடா இருந்தாலும்."

என் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் அவரே வேகவைத்தார். கழுவிய கையாலேயே எடுத்து, வேகவைத்த துணியில் சுற்றி, பெட்டியை மூடினார். "இதை நீ தொடாதே" என்று சொல்லிவிட்டு லூர்துவைப் பார்த்துவிட்டு, பச்சையம்மாள் ஊருக்குக் கிளம்பினார். அவள் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது.

நான் அறையில் உட்கார்ந்திருந்தேன். பேசப் பயம். மூச்சை விடக்கூடப் பயம். பால் ஊற்ற வந்த பெண் வாசலில் நின்று பேச்சுக் கொடுத்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனேன். "இன்னா நர்ஸம்மா, பல்லுவலியா?" என்றாள். தலையை ஆட்டினேன்.

அப்போதுதான் சிங்கவரத்திலிருந்து ஏழுமலை வந்தான். மணிலாக்கொட்டை பயிர் வைக்கிற சம்சாரி. அவன் பெண்டாட்டி முனியம்மாளுக்கு அது முதல் பிரசவம், நான் நாலைந்து தடவை போய்ப் பார்த்திருந்தேன்.

"வலி எடுத்துக்கிச்சும்மா. வண்டி கொண்ணாந்திருக்கிறேன், கெளம்பு."

"அவளை வண்டியில வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டா, ஏழுமலை."

"வர்ற வழியில ஓடையில வெள்ளம் போவுது. நான் ஒருத்தன் வண்டிய ஓட்டியாறதே பெரும்பாடாப் போச்சு. பிள்ளத்தாச்சிய வெச்சி எப்பிடிம்மா தாண்டறது?"

ஊர் மருத்துவச்சி கண் மங்கிப் படுத்துவிட்டாள் என்பது எனக்கே தெரியும். தேவகிருபை அம்மாள் மறுநாள்தான் திரும்புவார். போகக்கூடாது என்றும் தெரியும், போகாமல் இருக்க முடியாது என்றும் தெரியும். வெள்ளைத் துணியை மடித்து வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டேன். பெட்டியை ஏழுமலையை எடுக்கச் சொன்னேன். வண்டியில் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சிங்கவரத்தில் அவன் வீட்டு வாசலுக்கு எதிரே ஒரு வைக்கோல் போர். அதோடு ஒட்டி நின்றுகொண்டேன்.

"நான் உள்ள வரமாட்டேன்" என்றேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. தீட்டுப் பார்க்கிறேன் என்று நினைத்தார்கள். ஏழுமலையின் அம்மா, "நாங்க இன்னா கொறஞ்சி பூட்டோம்?" என்று கேட்டாள். "எனக்கு நோவு இருக்குது ஆயா, நான் தொட்டா ஒட்டிக்கும்" என்றேன். "நோவாளி எதுக்கு வந்தே?" என்றாள்.

உள்ளே இருந்தவர்களில் திடமாகத் தெரிந்தவள் ஏழுமலையின் தங்கை அலமேலு. இரண்டு பிள்ளை பெற்றவள். அவளை வாசலுக்குக் கூப்பிட்டு, இருந்த இடத்திலிருந்தே சொன்னேன். வளையலைக் கழற்று. நகத்தை வெட்டு. சோப்பைப் போடு. இன்னும் மேலே, முழங்கை வரைக்கும். தண்ணியைக் கொட்டு. மறுபடியும் போடு. லைசாலில் கையை விட்டதும் "எரியுதும்மா" என்றாள். "எரியட்டும். தொடைக்காத. பொடவையில கை படக்கூடாது." சோப்பும் லைசாலும் எடுக்க ஏழுமலை திறந்த பெட்டியிலிருந்து துணிச்சுருளை அவளே எடுத்து அவிழ்த்தாள். கத்திரியைக் காட்டினாள். "அதுதான். நூலும் இருக்குதா பாரு" என்றேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இருட்டு. நான் பார்க்க வேண்டியதையெல்லாம் அலமேலுவின் குரலில்தான் பார்த்தேன். வலி எப்படி வருகிறது, விட்டு விட்டா, சேர்ந்தா? தலை தெரிகிறதா? முக்கச் சொல்லாதே, இப்போது மூச்சு வாங்கச் சொல். கத்திக் கத்தி என் தொண்டை ரணமாகிவிட்டது. ஒவ்வொரு தடவை கத்தும்போதும் வாயிலிருந்து தெறிப்பது எவ்வளவு தூரம் போகும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றேன். பின்னால் போகப் போக இன்னும் உரக்கக் கத்த வேண்டியிருந்தது.

திடீரென்று உள்ளேயிருந்து ஒரு அலறல்.

"நர்ஸம்மா! தல வந்துட்சி! கய்த்துல கொடி சுத்திக்கினு இருக்குது!"

நான் வாசற்படிக்கு வந்துவிட்டிருந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. என் கை கதவில் இருந்தது. உள்ளே போனால் ஒரு விரலால் அதை எடுத்துவிடுவேன், எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். பிள்ளை பிழைக்கும். அதன் பிறகு முனியம்மாள் போர்வைக்குள் பல் கிட்டி நடுங்குவாள். இல்லை, நடுங்காமலும் போகலாம். யாருக்குத் தெரியும்?

"உள்ள போயேம்மா!" ஏழுமலை என் தோளைப் பிடித்துத் தள்ளினான். "நின்னுக்கினே இருக்கிறியே, நீ இன்னா மனுஷி!"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவன் பலசாலி. நிலையை நான் விடவில்லை.

"அலமேலு! கொடிக்கு அடியில ஒரு வெரல விடு. போவுதா?"

"வழுக்குதும்மா..."

"மெதுவா. இழுக்காத. போவுதா?"

"போவுது."

"அப்படியே தூக்கி, தலைக்கு மேல மாலையைக் கழட்டற மாதிரி கழட்டு."

மழை கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஏழுமலையும் தள்ளுவதை நிறுத்திவிட்டான். அவன் மூச்சு என் பிடரியில் பட்டது. "அலமேலு" என்று கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

பிறகு பிள்ளை அழுதது.

நான் கதவை விட்டு வைக்கோல் போருக்குத் திரும்பிப் போய் அதில் சாய்ந்துகொண்டேன். கொடியை எங்கே கட்டுவது, எங்கே வெட்டுவது, நஞ்சுக்கொடி தானாக வரும்வரை எதையும் இழுக்காமல் காத்திருப்பது, வயிற்றின்மேல் கையை எப்படி வைப்பது, எல்லாவற்றையும் அங்கிருந்தே சொன்னேன். குரல் காற்றாகத்தான் வந்தது. ஏழுமலையின் அம்மா வாசலில் நின்று அதை வாங்கி உள்ளே சொன்னாள்.

யாரும் எனக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. அலமேலுவை எல்லோரும் கொண்டாடினார்கள், அது நியாயம்தான். என்னை வண்டியில் கொண்டுவந்து விட்ட ஏழுமலை பெட்டியை வாசலில் இறக்கிவைத்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் சந்தையில் எத்தனையோ தடவை எதிரே வந்திருக்கிறான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். முனியம்மாளுக்குக் காய்ச்சல் வரவில்லை. நான் உள்ளே போகாததால் வரவில்லையா, போயிருந்தாலும் வந்திருக்காதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவனுக்கும் தெரியாது. அவனைப் பொறுத்தவரை, அவன் பெண்டாட்டி சாகக் கிடந்தபோது வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவள் நான்.

மறுநாள் தேவகிருபை அம்மாள் வந்தார். புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. எங்கேயோ கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. உட்காரவில்லை.

"பச்சையம்மா போயிட்டா" என்றார்.

"என்னாலதான்" என்றேன்.

"எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாதுங்கறதை ஆமான்னு மாத்திக்கிட்டு அழாதே. இல்லேன்னு மாத்திக்கிட்டுத் தூங்கவும் தூங்காதே."

அதைச் சொல்லிவிட்டு, ஏற்கெனவே கழுவியிருந்த தன் கையை மறுபடி சோப்பு போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். அவருக்கும் பயம் இருந்தது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எங்களிடம் கேட்கிற கேள்வியை அவர் தன்னிடமும் கேட்டுக்கொண்டுதான் பஸ் ஏறியிருக்க வேண்டும்.

வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னேன். "விட்டுட்டா இந்தச் சுத்துப்பட்டு ஊருக்கு யார் போவா?" என்றார். "நீ போகலேன்னா என்ன ஆகும்னு இப்பவும் கணக்குப் போட்டுப் பாத்துட்டுச் சொல்லு." போட்டுப் பார்த்தேன். வேலையை விடவில்லை. தொண்டை ஆறிய பிறகு அவரே பார்த்துவிட்டுத்தான் என்னை அனுப்பினார். அன்றிலிருந்து நாலு மடிப்பு மல் துணி கட்டாமல் நான் எந்தப் பிரசவ அறைக்குள்ளும் போனதில்லை. ஜனங்கள் என்னை வாய்கட்டி நர்ஸம்மா என்று கூப்பிட்டார்கள். ஆனால் அந்தத் துணி என் பயத்தைத் தடுக்கவில்லை. நான் போய் வந்த வீட்டில் மூன்று நாள் தாண்டும்வரை எனக்குச் சோறு இறங்காது. தோல் உரிகிற வரைக்கும் கையைத் தேய்ப்பேன். யாராவது "நீ நல்லாருக்கணும் தாயி" என்று கும்பிட்டால், இன்னும் நாள் ஆகவில்லையே என்றுதான் மனசு சொல்லும்.

லூர்து பிழைத்துக்கொண்டாள். நெடுநாள் படுத்துக் கிடந்து, தலைமயிரெல்லாம் கொட்டி, எழுந்தாள். அவள் தெருப்பக்கம் போவதை நான் தவிர்த்துவந்தேன். யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் காலையில் அவளே என் வாசலில் வந்து நின்றாள். மயிர் மறுபடி வளர்ந்து கொண்டை போடும் அளவுக்கு ஆகியிருந்தது. பையன் அவள் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"முழுவாம இருக்கிறேன் நர்ஸம்மா. இந்த வாட்டியும் நீங்கதான் வந்து பாக்கணும்."

சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். போன தடவை எனக்குத் தொண்டை ரணமாக இருந்ததையும், அதிலிருந்து அவளுக்கு ஜன்னி வந்திருக்கலாம் என்பதையும், நிச்சயமாகத் தெரியாது என்பதையும், பச்சையம்மாளைப் பற்றியும் சொன்னேன். திண்டிவனத்திலிருந்து வேறு ஆளை வரவழைக்கிறேன் என்றேன்.

லூர்துவின் கண் கலங்கியது. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இப்பிடி வெளிச்சத்துக்கு வாங்க" என்றாள்.

போனேன்.

"வாயத் தொறங்க."

திறந்தேன். என் தாடையைப் பிடித்து வெயில் பக்கமாகத் திருப்பினாள். குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தொண்டைக்குள் பார்த்தாள். பையனும் அவளோடு சேர்ந்து எட்டிப் பார்த்தான்.

"நாக்க நீட்டுங்க. முழுங்குங்க. வலிக்குதா?"

"இல்ல."

"செவப்பும் இல்ல." தாடையை விட்டாள். "ஆடியில நாளு. நீங்களே வாங்க. ஆனா உள்ள வர்றதுக்கு மின்ன, அன்னிக்கும் நான் பாப்பேன்."